அடியைத் திருப்பிப் பாருங்க: விசித்திர வண்டிகளும் நம்ம ஊர் மாடல்களும்

ஒரு ஸ்கேல் மாடல் நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். அதைத் தலைகீழாத் திருப்பிப் பார்க்கணும். மேலே பெயின்ட், ஸ்டிக்கர், கண்ணாடி, விளக்கு எல்லாம் கண்ணைப் பறிக்கும். செய்தவருக்கு அந்த வண்டி எப்படி ஓடுது, எதுக்காக அப்படி ஓடுதுன்னு தெரியுமா என்பது அடியில்தான் தெரியும்.

இணையத்தில் பழைய, விசித்திரமான வண்டிகளின் படங்களுக்கு எப்போதும் மவுசு உண்டு. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ரயில், மூணு சக்கர லாரி, பின்பக்கம் அடுப்பு கட்டிய பஸ் என்று வரிசையாக வரும். மாடல் செய்கிறவர்களுக்கு இவை பெரிய தூண்டுதல். "யாரும் செய்யாததைச் செய்யலாம்" என்ற ஆசை நியாயமானதுதான். ஆனா அப்படிச் செய்த மாடல்களில் பலதும் படத்தைப் பார்த்துச் செய்த படமாகவே நின்னு போகுது. வண்டியின் கோணல் வருது, அந்தக் கோணலுக்கான காரணம் வரலை. என் குறை இதுதான். ஒரு இயந்திரம் விசித்திரமா இருக்குன்னா, அது ஏதோ ஒரு விசித்திரமான கேள்விக்குப் பதில் சொல்லுது. கேள்வியை விட்டுட்டுப் பதிலை மட்டும் காப்பி அடித்தால் கிடைப்பது பொம்மை. பொம்மை தப்பில்லைங்க. அதை "அச்சு அசல்" என்று சொல்றதுதான் தப்பு.

சில உதாரணங்களை வைத்துப் பார்ப்போம்.

சாலையும் சேர்ந்ததுதான் ரயில்

இந்திய விசித்திர வண்டிகள் என்றால் முதலில் வருவது பாட்டியாலா மோனோரயில். 1907-இல் பாட்டியாலா சமஸ்தானத்தில் போடப்பட்டது, 1927-இல் மூடப்பட்டது. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் கம்பெனி செய்த நீராவி என்ஜின்கள் அதில் ஓடின. பிழைத்த ஒரு என்ஜினைப் புதுப்பித்து டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

பார்க்க வேடிக்கையாத்தான் இருக்கும். நடுவில் ஒரே வரிசையாகச் சின்னச் சக்கரங்கள், ஒரு பக்கம் மட்டும் வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பெரிய சக்கரம். ஆனா அதன் கணக்கு எளிமையானது. சாலை ஓரமா ஒரே ஒரு தண்டவாளம். சுமையின் பெரும்பங்கு அதன் மேல் உட்காரும். பக்கத்துப் பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இரும்பு பாதி மிச்சம், தனி நிலம் எடுக்க வேண்டாம். ராணுவத் தேவைக்காக சமஸ்தானம் வைத்திருந்த கோவேறு கழுதைகளுக்கு வேலை கொடுப்பதும் திட்டத்தில் ஒரு காரணம். தண்டவாளத்தில் உருள்வது லேசு என்பதால் மண் சாலையில் இழுக்க முடியாத சுமையையும் அதே கழுதை இழுத்துவிடும்.

இப்போ இதை மாடலாக யோசிங்க. என்ஜினை மட்டும் அழகாகச் செய்து, பளபளப்பான மரப் பீடத்தில் ஒரு கம்பி மேல் நிறுத்தினால் பாதி ரயிலைக் காணோம். ஏன்னா இந்த ரயிலில் சாலையும் ஒரு பாகம். பெரிய சக்கரம் உருள்ற மண் தடம், அது ஒரு பக்கமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருப்பது, எதிரே ஒதுங்கி நிற்கும் மாட்டு வண்டி, இவ்வளவும் இருந்தால்தான் பார்க்கிறவருக்கு "ஓ, அதனாலதான் ஒரு சக்கரம் வெளியே இருக்கா" என்று புரியும்.

டெம்போவும் அப்படித்தான். நம்ம ஊரில் எந்தச் சின்ன சரக்கு வண்டியைப் பார்த்தாலும் "டெம்போ" என்கிறோம். அது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து விடால் அண்ட் சோன் கம்பெனி வைத்திருந்த பெயர். 1958-இல் அவர்களோடு சேர்ந்துதான் பஜாஜ் டெம்போ (இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) ஹன்சீட் என்ற மூணு சக்கர வண்டியைத் தயாரிக்க ஆரம்பித்தது. ஜெர்மனியில் அந்த வண்டி நின்ற பிறகும் இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது. நீண்ட மூக்கு, முன்னால் ஒற்றைச் சக்கரம். அந்த மூக்கைத்தான் எல்லாரும் மாடலில் பிடிக்கிறார்கள். ஆனா வண்டியின் புத்திசாலித்தனம் மூக்குக்குள்ளே இருக்கு. என்ஜினும் இழுவையும் முன்பக்கமே முடிந்துவிடுவதால் பின்னால் நீளமான டிரைவ் ஷாஃப்ட் தேவையில்லை. பின்பக்கம் வெறும் சட்டம், ரெண்டு சக்கரம். அதன் மேல் தொட்டி, கூண்டு, பெஞ்சு எது வேணும்னாலும் ஏத்திக்கலாம். அதனாலதான் ஒரே வண்டி ஒரு ஊரில் சரக்கு ஏத்துச்சு, இன்னொரு ஊரில் ஆள் ஏத்துச்சு. ஒரு ஹன்சீட் மாடலைத் திருப்பிப் பார்க்கும்போது பின் அச்சில் லாரி மாதிரி ஒரு டிஃபரென்ஷியல் உருண்டை இருந்தால், செய்தவர் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்னு அர்த்தம்.

மூணாவது, கரி பஸ். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சென்னை மாகாணம் முழுக்க பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பின்னால் ஒரு உயரமான இரும்பு உலை. அதில் அடுப்புக்கரியைப் போட்டு, கையால் சுற்றும் காற்றாடியால் ஊதிப் பற்ற வைத்து, வரும் வாயுவை வடிகட்டிக் குளிர வைத்து, குழாய் வழியே முன்னால் இருக்கும் என்ஜினுக்குக் கொண்டுபோகணும். பெட்ரோல் மாதிரி இழுவை கிடையாது. மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளின கதையைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீங்க. இந்த பஸ்ஸை மாடல் செய்யும்போது பின்னால் ஒரு உருளையை ஒட்டிவிட்டால் போதுமா? குழாய் எந்த வழியா முன்னால போகுது? வடிகட்டி எங்கே? கரி மூட்டை எங்கே அடுக்கியிருக்கு? ஊதுற கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கா? இந்த நாலு கேள்விக்கும் பதில் இல்லாத கரி பஸ், முதுகில் டிரம் கட்டின சாதா பஸ்தான்.

பொன்மலையில் பிறந்த விசித்திரம்

தூரத்து உதாரணங்களை விட்டு நம்ம பக்கம் வருவோம். குளத்தூரிலிருந்து கீரனூர் வழியாக திருச்சிக்குப் போகிறவர்களுக்குப் பொன்மலை அன்றாடப் பெயர். 1928-இல் தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து தன் பட்டறையை அங்கே மாற்றியது. உலகத்தில் இன்றும் வேலை செய்யும் அபூர்வமான நீராவி என்ஜின் ஒன்றுக்கு அதுதான் தாய் வீடு மாதிரி: நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ். பெரிய பராமரிப்புக்கு இங்கேதான் வரும். 2010-களில் எண்ணெயில் எரியும் புது எக்ஸ் கிளாஸ்களையும், 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் பொன்மலையிலேயே செய்தார்கள்.

இதன் மூல வடிவம் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். கம்பெனியுடையது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் கடுமை; சுமார் பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏறணும். வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் நடுவில் ரெண்டு பல் சட்டங்கள். ஒன்றின் பல்லும் இன்னொன்றின் பள்ளமும் எதிரெதிரே வரும்படி அமைத்திருப்பதால் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் பிடித்திருக்கும். ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர்.

மாடல் செய்கிறவர்கள் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருது. இந்த என்ஜினுக்கு வெளிப்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு ரெண்டு சிலிண்டர், மொத்தம் நாலு. கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே இருப்பது பல் சக்கரத்தை ஓட்டும். சமதளத்தில் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும். மேலே சும்மா நிற்கும். கல்லாறு தாண்டிப் பல் பாதையில் ஏறியதும், கீழே வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புவார்கள். ஒரே நீராவிக்கு ரெண்டு வேலை. மேல் தண்டு பற்சக்கரம் வழியே கீழே இருக்கும் பல்லைத் திருப்புவதால் மேலேயும் கீழேயும் சுற்று எதிரெதிர் திசையில் இருக்கும்.

என்ஜினைத் தெரிஞ்சவர் செய்த மாடலையும் படத்தைப் பார்த்துச் செய்த மாடலையும் பிரிக்க இந்த ஒரு விவரம் போதும். ஓடுகிற மாடலில் மேலும் கீழும் ஒரே மோட்டாரில் மாட்டி, சமதளத்திலும் ரெண்டும் சேர்ந்து சுற்றினால் பார்க்க ஜோராத்தான் இருக்கும். ஆனா மலை ஏறுவதற்கென்றே செய்த ஏற்பாடு அதில் அர்த்தம் இழந்துவிடுது. 1:87 அளவில் மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம்தான் வழக்கம். அவ்வளவு சின்னதில் ரெண்டு இயக்கத்தையும் தனித்தனியாகச் செய்வது சாமானியம் இல்லை, ஒத்துக்கிறேன். அப்போ ஓடாத மாடலாக, எந்த இடத்தில் நிற்கிறது என்று முடிவு செய்து வைக்கலாமே. கல்லாறுக்குக் கீழேயா, மேலேயா? அந்த முடிவை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரிசைக்கு வரும்.

இன்னொன்று: மலை ஏறும்போது என்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால், பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளும். பெட்டி கழன்றால் கீழே உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக. முன்னால் இருக்கும் பெட்டிகளின் மேடையில் பிரேக் பிடிக்கும் ஊழியர்கள் கொடியோடு நிற்பார்கள். குன்னூர் ஏற்றக் காட்சியை வைத்து, என்ஜினை முன்னால் மாட்டி இழுக்க விட்ட டயோராமா எவ்வளவு அழகா இருந்தாலும், அந்த ரயிலை ஓட்டியவர்கள் முதலில் பயந்து ஒதுக்கிய ஏற்பாட்டைத்தான் காட்டுது.

நம்ம ஊர் பஸ்காரர்கள்

இப்போ பாராட்ட வேண்டிய ஒரு கூட்டம். ஃபோம் ஷீட், அட்டை, பழைய பிளாஸ்டிக், பெவிக்விக் ஆகியவற்றை வைத்து அரசு பஸ்ஸையும் டவுன் பஸ்ஸையும் செய்யும் இளைஞர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். வெளிநாட்டு கிட் வாங்க வசதியில்லாதது ஒரு காரணம். தன் ஊருக்கு வரும் பஸ் மேல் இருக்கும் பிரியம் அதைவிடப் பெரிய காரணம். கிட் வாங்கி ஜெர்மன் டாங்கி ஒட்டுகிறவருக்கு இல்லாத ஒரு வசதி இவர்களிடம் இருக்கு: அசல் வண்டி காலையும் மாலையும் கண்முன்னே போகுது. படிக்கட்டு எந்த உயரம், கண்டக்டர் எங்கே சாய்ந்து நிற்பார், எந்த ஜன்னல் கம்பி வளைந்திருக்கும் எல்லாம் அத்துப்படி.

ஆனா இவர்களின் கவனமும் பெரும்பாலும் மேலேதான். பெயர்ப் பலகை எழுத்து அச்சாக இருக்கும், உள்ளே எல்.இ.டி. மின்னும், பாட்டுக்கூட வரும். திருப்பிப் பார்த்தால் அட்டை மேல் ரெண்டு கம்பி. பஸ் என்பது லாரி சேஸிஸ் மேல் கட்டிய கூடு. பாடி கட்டுகிறவர் வேறு, சேஸிஸ் செய்கிறவர் வேறு. ஒரே சேஸிஸ் கரூரில் ஒரு முகமும் இன்னொரு ஊரில் வேறொரு முகமும் வாங்கிக்கொள்ளும். அந்தச் சட்டமும் பட்டை ஸ்பிரிங்கும் இல்லாமல், பஸ் ஏன் அவ்வளவு உயரம், ஏன் படியேறணும், பின் சீட்டில் ஏன் தூக்கிப் போடுதுன்னு மாடல் சொல்லாது. இவ்வளவு பொறுமையா ஜன்னல் ரப்பர் வரை செய்கிற கைக்கு ஒரு ஸ்பிரிங் கட்டைச் செய்வது பெரிய காரியமே இல்லை.

கடையில் விற்கும் பொம்மை வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் சுருள் உள்ளே இருக்கணும் என்பதால் பின் அச்சு அதுக்கேத்த மாதிரி உட்காரும். அது குழந்தைகள் கைக்குச் செய்தது, அந்த வேலையை ஒழுங்காச் செய்யுது. அதை வாங்கி மறுபெயின்ட் அடித்து "ஸ்கேல் மாடல்" என்று வைக்கிறவர்தான் பதில் சொல்லணும்.

துரு எங்கே அடிக்கணும்?

பழைய இயந்திரம் என்றாலே துரு அடிக்கிறது ஒரு பழக்கமாகிவிட்டது. தலை முதல் கால் வரை பழுப்பு. இதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. தினமும் ஓடும் இயந்திரம் ஓடுகிற இடத்தில் துருப்பிடிக்காது. பெல்ட் உரசும் சக்கர விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னும். எண்ணெய் போகும் மூட்டுகள் கறுப்பாக, ஈரமாக இருக்கும். கை பிடிக்கும் லீவர் பெயின்ட் போய் வழவழப்பாகியிருக்கும். முழுக்கத் துரு என்றால் இயந்திரம் நின்று பல மழைக்காலம் ஆச்சு என்று அர்த்தம். அதையும் செய்யலாம், தாராளமா. ஆனா துருப்பிடித்த என்ஜின் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, புகையும் வர வைத்தால் ரெண்டும் ஒட்டாது.

தூசியும் அப்படியே. வெளிநாட்டு மாடல் பவுடர்கள் ஐரோப்பியச் சேற்றை மனசில் வைத்துக் கலந்த நிறங்கள். புதுக்கோட்டைப் பக்கம் செம்பராங்கல் பூமி. வண்டியின் கீழ்ப்பாதியில் ஒட்டுவது செக்கச்செவேல் புழுதி. நம்ம வயல் ஓரத்து மண்ணையே காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுத்தால் அதைவிட நல்ல நிறம் எந்தப் புட்டியிலும் கிடைக்காது.

ஆயில் என்ஜின் மிச்சம் இருக்கும்போதே

"இது பொழுதுபோக்குங்க, இதுக்குப் போய் இவ்வளவு கறாரா?" என்று கேட்கலாம். என் பதிலுக்கு ஒரு இங்கிலாந்துக் கதை உதவும். ராய் இங்லண்ட் என்பவர் 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். பழைய கூரை வீடுகள் கண்முன்னே மாறிப் போவதைப் பார்த்து, அவற்றை அளந்து 1:76 அளவில் செய்ய ஆரம்பித்தார். அந்த முயற்சிதான் பென்டன் என்ற அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1930-களின் கிராமப்புறத்தை இன்றைக்கு அங்கே போய்ப் பார்க்கலாம். ஊகத்தில் செய்திருந்தால் அது வெறும் அழகுப் பொருளாகவே நின்றிருக்கும். அளந்து செய்ததால் ஆவணமாச்சு.

நமக்கு அந்த மாதிரி கண்முன்னே போய்க்கொண்டிருப்பது எது? என்னைக் கேட்டால் கிணற்றடி ஆயில் என்ஜின். குளத்தூர் சுற்று வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் வற்றினால் கிணறுதான். கமலையும் ஏற்றமும் இறைத்த கிணறுகளில் அடுத்து வந்தது இந்த என்ஜின். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929-இல் கொண்டுவந்த ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின் அதில் ஒரு முன்னோடி: ரெண்டு பக்கமும் கனத்த ஃப்ளைவீல். இங்கிலாந்தில் அது நின்ற பிறகும் ராஜ்கோட் பட்டறைகள் அதே வடிவத்தில் செய்துகொண்டிருந்தன. மின்சார மோட்டார் வந்து, 1990-ஐ ஒட்டி விவசாய மின்சாரம் இலவசமாகி, பிறகு ஆழ்குழாய்க் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்ததும் ஆயில் என்ஜின்கள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போயின. இரும்பு கனம் அதிகம், நல்ல விலை. அதனாலேயே சீக்கிரம் போகுது.

ஒரு ஃப்ளைவீல் சுமார் ரெண்டு அடி. 1:24 அளவில் ஒரு அங்குலம். மேஜையில் அடங்கும், விவரமும் தெரியும். ஆனா என்ஜினை மட்டும் செய்தால் பாட்டியாலாவில் சாலையை விட்ட அதே கதைதான். காற்றழுத்தத்தால் உறிஞ்சும் பம்பு நடைமுறையில் ஏழு மீட்டர் அளவுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. ஆழக் கிணற்றில் அதனாலதான் பம்பைக் கிணற்றுக்குள்ளே, பாறையை வெட்டின மேடையில் இறக்கி வைத்தார்கள். ஆக இந்த மாடலின் முக்கியமான அளவு கிணற்றின் ஆழம். மேலே இருந்து பார்த்தால் தெரியாத அந்த மேடை, குழாய், பெல்ட், குளிர்விக்கத் தண்ணி வைத்த டிரம், கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் பண்றவருக்கு வேண்டிய இடம், இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த இயந்திரம்.

உங்க ஊரில் ஒண்ணு மிச்சம் இருந்தால் மாடல் செய்யத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு போன் போதும். நேர் எதிரே நின்று நாலு பக்கமும், முடிந்தால் மேலிருந்தும் படம் எடுங்க. கோணலான அழகுப் படம் அளவெடுக்க உதவாது. ஒவ்வொரு படத்திலும் டேப் தெரியட்டும். ஃப்ளைவீல் விட்டம், அகலம், தரையிலிருந்து அச்சு உயரம், பம்புக்கும் என்ஜினுக்கும் இடைவெளி, கிணற்று மேடையின் ஆழம் எழுதிக்கோங்க. பித்தளைத் தகட்டில் எண் இருந்தால் துடைத்துப் படம் எடுங்க. ஓட்டினவர் இருந்தால் அவரிடம் கேளுங்க: எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க, எது அடிக்கடி உடையும், எதைக் கட்டிச் சமாளிச்சீங்க? அந்தக் கம்பிக் கட்டும் ரப்பர் துண்டும் எந்தக் கம்பெனி வரைபடத்திலும் இருக்காது.

பொன்மலையில் நூறு வருஷத்துப் பழைய வடிவத்தில் புது என்ஜின் செய்ய முடிந்ததற்கு, பழைய என்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததும் அவற்றைக் கழற்றி மாட்டிய கைகள் அங்கேயே இருந்ததும் முக்கியக் காரணம். கிணற்றடி என்ஜினுக்கு அப்படி ஒரு பட்டறை கிடையாது. அளவெடுக்க வேண்டியவர் பக்கத்து வயல்காரராகவோ, பஸ் மாடல் செய்கிற அந்தப் பையனாகவோதான் இருக்கணும்.